கிணற்று நோட்டை ஏன் கடைசி வரியில் எழுதினாய்?

கேள்வி: வணக்கம் மேடம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். அமெரிக்காவில் இரண்டாயிரம் பேர் படிக்கும் சிறிய கல்லூரி ஒன்றில் இளங்கலை சேர ஆசை. நிலவியல் அல்லது இயற்பியல் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 94 சதவீதம் எடுத்தேன். பதினொன்றில் 81 ஆகிவிட்டது. அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த வருடம் அது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? "பேர் தெரியாத காலேஜுக்கு அவ்வளவு தூரம் எதற்கு? போனால் பெரிய யுனிவர்சிட்டிக்குப் போ" என்கிறார் அப்பா. எங்களால் அதிகம் பணம் கட்ட முடியாது. ஒரு ஏஜென்சி, கட்டுரைகளைத் தாங்களே எழுதித் தருகிறோம் என்கிறது. உதவித்தொகை கேட்காமல் விண்ணப்பித்தால் சுலபமாக இடம் கிடைக்கும், சேர்ந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். நான் வகுப்பில் அதிகம் பேசமாட்டேன். சிறிய கல்லூரி எனக்குச் சரிவருமா என்று பயமாக இருக்கிறது. போட்டிகளில் பரிசு எதுவும் வாங்கியதில்லை. எங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை நான்கு வருடமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அது கணக்கில் வராது என்று நினைக்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்பு மகளே,

அந்த ஏஜென்சிக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. மற்றதை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடு. அவர்கள் சொன்ன இரண்டு யோசனையும் உனக்குக் கெடுதல். அதிலும் பணத்தைப் பற்றிச் சொன்னது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன், யாரோ சொன்னதைக் கேட்டு, "உதவித்தொகை தேவையில்லை" என்று குறித்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் அனுமதி வந்தது, வீடே கொண்டாடியது. ஏப்ரலில் கல்லூரிக்கு எழுதிக் கேட்டார்கள். வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்டிருக்க வேண்டும், அப்போது கேட்காதவர்களுக்கு நான்கு ஆண்டும் தருவதற்கில்லை என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது. அவன் அப்பா என் எதிரே உட்கார்ந்து பையிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தார். அதைத் திரும்பப் பைக்குள் வைக்கச் சொன்னேன். அந்த இடத்தை அவன் விட்டுக்கொடுத்தான். அவன் முகம் இப்போதும் எனக்கு மறக்கவில்லை.

இது ஏன் இப்படி என்று நீ புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க அரசு தரும் கல்வி உதவி, மாணவர் விசாவில் போகிறவர்களுக்குக் கிடையாது. உனக்குக் கிடைக்கும் ஒவ்வொரு டாலரும் அந்தக் கல்லூரியின் சொந்தப் பணம். பல சிறு கல்லூரிகளில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதனால் பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது, இவருக்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் பார்ப்பார்கள். பணத் தேவையைப் பார்க்காமலே எல்லா நாட்டு மாணவரையும் தேர்ந்தெடுக்கும் சிறு கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட், மெய்ன் மாநிலத்தில் போடன் ஆகியவை அவற்றில் சேரும். ஏஜென்சிக்காரர்கள் இந்த உண்மையில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். உதவி கேட்டால் போட்டி கடுமையாகும் என்பது சரிதான். ஆனால் கேட்காமல் வாங்கிய இடத்தை வைத்து நீ என்ன செய்வாய்? விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவத்தைத் தருவதற்கு முன் முதலாண்டுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கல்லூரியே கேட்கும்.

ஆகவே வீட்டு வருமானத்தை உள்ளது உள்ளபடி எழுது. வருடத்துக்கு இவ்வளவுதான் முடியும் என்று ஒரு தொகையை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அது சின்னத் தொகையாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. பல கல்லூரிகள் இதற்கு சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இணையப் படிவத்தைக் கேட்கும். அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் கட்டச் சிரமம் என்று கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால், சில இடங்களில் விலக்குக் குறியீடு தருவார்கள், சில இடங்களில் கட்டணமில்லாத வேறு படிவம் தருவார்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கும் இப்படித்தான். அந்த மின்னஞ்சலை நீயே எழுது. ஏஜென்சி முகவரியிலிருந்து போகக் கூடாது.

எந்தக் கல்லூரி உண்மையிலேயே கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. "காமன் டேட்டா செட்" என்று பல கல்லூரிகள் ஆண்டுதோறும் ஓர் ஆவணத்தை வெளியிடும். கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் ஹெச் பிரிவுக்குப் போ. வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள், சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று அங்கே எண் இருக்கும். விளம்பரப் பக்கத்தில் "தாராளமான உதவித்தொகை" என்று எழுதிவிட்டு, இங்கே மூன்றே பேர் என்று இருந்தால் உன் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிடு. அதே ஆவணத்தில் சி7 என்ற அட்டவணையில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், மாணவர் காட்டும் ஆர்வம் ஆகியவற்றுக்கு எவ்வளவு எடை என்று அவர்களே குறித்திருப்பார்கள். ஐ பிரிவில் எத்தனை வகுப்புகளில் இருபது பேருக்குக் குறைவு என்பதும் இருக்கும். எந்த ஏஜென்சியும் இதைவிட நல்ல தகவலை உனக்கு விற்க முடியாது, இது இலவசம்.

இந்தப் பத்தியை அப்பாவிடம் படித்துக் காட்டு. ஐயா, உங்கள் சந்தேகம் நியாயமானது. கல்லூரி என்றால் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பது, பட்டத்தைப் பல்கலைக்கழகம்தான் தரும் என்பது நாம் பழகிய ஏற்பாடு. அங்கே இந்தச் சிறு கல்லூரிகள் தாங்களே பட்டம் தருகின்றன. வில்லியம்ஸ் 1793-இல் தொடங்கியது, ஸ்வார்த்மோர் 1864-இல். அவற்றில் இளங்கலை மாணவர்தான் முக்கியம். ஆய்வு மாணவர்களைக் கொண்டு வகுப்பெடுக்க வைக்கும் வழக்கம் இல்லை, பேராசிரியரே எடுப்பார். அயோவா மாநிலத்துக் கிரின்னெல் கல்லூரியில் 1940-களின் கடைசியில் கிராண்ட் கேல் என்ற இயற்பியல் ஆசிரியர், அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த டிரான்சிஸ்டரைத் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். அந்த மாணவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949-இல் பட்டம் பெற்று, பின்னாளில் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2020-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெனிஃபர் டவுட்னா, பொமோனா என்ற சிறு கல்லூரியில் படித்தவர். நமக்குப் பேர் தெரியவில்லை என்பதால் மேற்படிப்புக்குச் சேர்க்கிறவர்களுக்கும் தெரியாமல் போய்விடாது. ஒன்று மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும்: சிறு கல்லூரியில் ஒரு துறையில் நான்கைந்து ஆசிரியர்கள்தான் இருப்பார்கள். நிலவியல் துறையே இல்லாத இடங்களும் உண்டு. பொறியியல் பல இடங்களில் கிடையாது. ஸ்வார்த்மோரிலும் பெண்கள் கல்லூரியான ஸ்மித்திலும் உண்டு. உங்கள் மகள் விரும்பும் பாடங்கள் கடந்த இரண்டு ஆண்டில் உண்மையிலேயே நடந்தனவா என்று பாடப் பட்டியலில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். அதிகம் பேசாதவள் சிறிய கல்லூரிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மதிப்பெண்ணைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், தனக்கு அந்த இடம் பொருந்துமா என்று கேட்பவர்கள் குறைவு.

வில்லியம்ஸ் கல்லூரியில் "டுடோரியல்" என்று ஒரு வகுப்பு முறை. ஒரு பேராசிரியர், இரண்டு மாணவர்கள், அவ்வளவுதான் வகுப்பு. ஒரு வாரம் ஒருவர் ஐந்து முதல் ஏழு பக்கம் எழுதிவந்து படிப்பார், மற்றவர் அதில் எங்கே தவறு, எங்கே பலவீனம் என்று சொல்வார். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். பேராசிரியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மூன்று நாற்காலிகளில் ஒன்றில் நீ உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார். அங்கே கடைசி பெஞ்சு என்று ஒன்று இல்லை, படிக்காமல் வந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் உரக்கப் பேச வேண்டிய தேவையும் இல்லை. யோசித்து, எழுதி, மெதுவாகச் சொன்னால் போதும். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் கையைத் தூக்கத் தயங்கும் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட இடத்தில்தான் வாய் திறக்கிறார்கள். பேசாமலே நான்கு வருடத்தைக் கழித்துவிடலாம் என்ற எண்ணம் உனக்கு இருந்தால் மட்டும் பெரிய பல்கலைக்கழகமே சரி. உனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசாத பெண் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாயே.

சிறு கல்லூரியில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அதற்கான விண்ணப்பத்திலும் ஒளிந்துகொள்ளக் கூடாது. ஐந்நூறு பேரைச் சேர்க்கும் ஓர் இடத்தில் உன் கோப்பைப் படிக்கிறவர், இந்தப் பெண் இங்கே வந்தால் எப்படி இருப்பாள் என்று ஓர் ஆளைக் கண்முன் கொண்டுவரப் பார்க்கிறார். ஏஜென்சி எழுதித் தரும் கட்டுரையில் அப்படி ஓர் ஆள் கிடைக்கமாட்டாள். அதோடு, "இது என் சொந்த வேலை" என்று விண்ணப்பத்தின் முடிவில் நீ கையெழுத்துப் போட வேண்டும். பொய்க் கையெழுத்தோடு படிப்பைத் தொடங்காதே.

இப்போது அந்த நோட்டு. நான்கு வருடம்! வாரம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டாலும் 200 பதிவுகளுக்கு மேல் வரும். நிலவியல் படிக்க விரும்பும் ஒரு பெண், யாரும் சொல்லாமல், யாரும் மதிப்பெண் போடாமல், நிலத்தடி நீரை நான்கு வருடம் அளந்திருக்கிறாள். அதைக் கடிதத்தின் கடைசியில், மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருக்கிறாய். வாங்கிய பரிசை யார் வேண்டுமானாலும் பட்டியல் போடலாம். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நான் உட்கார்ந்திருந்தால் இந்த நோட்டைத்தான் பார்க்கக் கேட்பேன்.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பம் காமன் ஆப். அதில், படிப்புக்கு வெளியே நீ செய்யும் செயல்பாடுகளுக்குப் பத்து இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். முதல் இடத்தில் இதை வை. "நீர்வளத்தில் ஆர்வம்" என்று எழுதி அந்த 150 எழுத்தை வீணாக்காதே. எத்தனை பதிவுகள், எதைக் கொண்டு அளந்தாய், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எழுது. பத்து இடத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது வீட்டு வேலையை நீ பார்த்திருந்தால் அதுவும் ஒரு செயல்பாடுதான்; குடும்பப் பொறுப்பு என்று அதற்குத் தனி வகையே வைத்திருக்கிறார்கள்.

பெரிய கட்டுரைக்கு 650 வார்த்தைகள் வரை. எழுதத் தொடங்குமுன் நான் கேட்கும் சில கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் எழுதிப் பார். முதல் நாள் எதற்காக அளந்தாய்? எதை வைத்து அளக்கிறாய், கல் கட்டிய கயிறா, முழக் கணக்கா, அடிக் கணக்கா? ஈரம் எங்கே முடிகிறது என்று சாயங்கால வெளிச்சத்தில் கண்டுபிடிக்க முடிகிறதா? நீ எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக எண் வந்த வாரம் எது? மழை பெய்து எத்தனை நாள் கழித்து நீர் ஏறியது? நோட்டில் விடுபட்ட வாரம் உண்டா? அம்மா மருத்துவமனையில் இருந்த மாதத்தில் நோட்டு நின்றதா, ஓடியதா? நின்றது என்றால் அந்த வெற்றுப் பக்கத்தையே எழுது. ஓடியது என்றால் யார் அளந்தார்கள் என்று எழுது. இந்தப் பதில்களில் ஏதோ ஒன்றில் உன் கை தானாக வேகம் பிடிக்கும். கட்டுரை அங்கேதான் இருக்கிறது. தலைவர்களின் பொன்மொழியோடு தொடங்காதே. "சிறு வயதிலிருந்தே" என்றும் தொடங்காதே. தண்ணீர்ப் பஞ்சத்தை ஒழிப்பேன் என்று முடிக்காதே. பதினேழு வயதில் உனக்குத் தெரிந்தது ஒரு கிணறு. அதைத் தெரிந்த அளவுக்குச் சொன்னால் போதும்.

"எங்கள் கல்லூரி ஏன்?" என்று பல இடங்களில் ஒரு சின்னக் கட்டுரை கேட்பார்கள். எழுதி முடித்ததும் கல்லூரியின் பெயரை அழித்துவிட்டு வேறு பெயரைப் போட்டுப் படி. அப்போதும் பொருந்தினால் கிழித்துவிட்டு மறுபடி எழுது. அவர்கள் நிலவியல் துறையின் பாடப் பட்டியலைப் பொறுமையாகப் படித்து, உன் நோட்டில் விடை கிடைக்காத ஒரு கேள்விக்கு எந்தப் பாடம் பதில் சொல்லக்கூடும் என்று தேடு. அந்த ஒரு தொடர்பு போதும்.

81 சதவீதத்தை மறைக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லா மதிப்பெண்ணும் பள்ளியிலிருந்து போகும். மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கூடுதல் தகவல் என்ற பகுதியில், எந்த மாதம் அறுவை சிகிச்சை, வீட்டில் உன் பொறுப்பு என்ன, இப்போது அம்மா எப்படி இருக்கிறார், உன் மதிப்பெண் எப்படித் திரும்பியது என்று நான்கு வரி. உருக்கமாக எழுதாதே. கட்டுரையில் நோட்டின் வழியாக அந்த மாதத்தைச் சொல்லிவிட்டாய் என்றால் இங்கே இரண்டு வரியே போதும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு பல இடங்களில் கட்டாயம் இல்லை. போடன் 1969-லேயே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நல்ல மதிப்பெண் வந்தால் அனுப்பு, இல்லாவிட்டால் விடு. டோஃபல், ஐஇஎல்டிஎஸ், டுவோலிங்கோ என்ற ஆங்கிலத் தேர்வுகள் மூன்றில் எதை ஏற்கிறார்கள் என்று கல்லூரிக்குக் கல்லூரி பார்த்துக்கொள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் இழக்கிறார்கள். "ஒழுக்கமானவர், கீழ்ப்படிதல் உள்ளவர், கடின உழைப்பாளி" என்று முடிந்துவிடும் கடிதத்தை வைத்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. ஆசிரியர்மேல் குறை சொல்ல முடியாது, அவருக்கு நூறு மாணவர்கள். நீ செய்ய வேண்டியது, ஒரு பக்கத்தில் அவர் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை நினைவூட்டி எழுதிக் கொடுப்பது: எந்தச் சோதனையில் உன் அளவீடு தப்பாக வந்து திரும்பச் செய்தாய், எந்தக் கேள்வியோடு ஆசிரியர் அறைக்குப் போனாய் என்பதுபோல. ஆங்கிலத்தில் எழுத அவர் தயங்கினால் தமிழிலேயே எழுதட்டும், மொழிபெயர்ப்பை இணைத்து அனுப்பலாம். மொழிபெயர்ப்பை நீயோ உன் வீட்டாரோ செய்யக் கூடாது. கடிதத்தை நான் படித்துப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும், அதைக் குறித்துவிடு. தலைமை ஆசிரியரைச் சீக்கிரம் போய்ப் பார். பள்ளி அறிக்கையை அவர்தான் அனுப்ப வேண்டும், அவருக்கு இது முதல் முறையாக இருக்கலாம்.

காமன் ஆப் வழியாக 20 கல்லூரி வரை விண்ணப்பிக்கலாம். நீ எட்டு, ஒன்பதோடு நிறுத்திக்கொள். அதற்கு மேல் போனால் எந்தக் கட்டுரையிலும் உயிர் இருக்காது. அதில் இரண்டு ஆம்ஹர்ஸ்ட், போடன் மாதிரி எட்டாத உயரமாக இருக்கட்டும். கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரியையும் பார். 1855-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, அதற்குப் பதிலாக எல்லா மாணவரும் வளாகத்தில் வாரம் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். மீதி இடங்களை, நான் சொன்ன ஹெச் பிரிவைப் பார்த்துத் தேர்ந்தெடு. நம் நாட்டிலேயே ஒரு நல்ல கல்லூரிக்கும் கட்டாயம் விண்ணப்பித்து வை.

"எர்லி டிசிஷன்" என்ற முறையில் நவம்பர் 1 அல்லது 15-க்குள் ஒரே ஒரு கல்லூரிக்கு, கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்று ஒப்புக்கொண்டு விண்ணப்பிக்கலாம். டிசம்பர் நடுவில் முடிவு வந்துவிடும். தரும் உதவி போதாமல் சேரவே முடியாது என்றால் விடுவிப்பார்கள். ஆனால் மற்ற கல்லூரிகள் எவ்வளவு தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். மற்ற எல்லாவற்றையும்விட ஒரு கல்லூரி உனக்குப் பிடித்து, அந்த இடம் வெளிநாட்டு மாணவரின் முழுத் தேவையையும் கொடுப்பதாக இருந்தால் மட்டும் இதைச் செய். இல்லையென்றால் ஜனவரி முதல் வாரத்தில் முடியும் சாதாரண முறையே உனக்கு நல்லது. அதில் மார்ச் கடைசியில் முடிவு வரும், மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம்போலத் தெரியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உன் பெயரோடு இனிஷியல்தான் இருக்கும். விண்ணப்பத்திலோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பித்து, அதில் அப்பாவின் பெயரை விரித்து எழுதுவதா, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய். பிறகு காமன் ஆப், ஆங்கிலத் தேர்வு, சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஓர் எழுத்து மாறாமல் எழுது. தலைமை ஆசிரியரிடமும் அதே பெயரைத் தாளில் எழுதிக் கொடு. பெயர் மாறினால் தேர்வு மதிப்பெண் ஒரு கோப்பிலும் பள்ளி அறிக்கை இன்னொரு கோப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும், ஜனவரி முழுக்க நீ மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பாய்.

தமிழில் எழுதிய அந்தப் பதில்களை எனக்கு அனுப்பு, படித்துப் பார்க்கிறேன். இந்த வாரமும் கிணற்றை அளந்துவிடு.